எழுத்தெல்லாம் எனக்குக் கறுப்பு

என் அம்மாவுக்கு ‘க’ மாந்துளிர் நிறம். என் தங்கைக்கு ‘க’ வெந்தய நிறம். எனக்கு ‘க’ என்றால் க. அச்சில் பார்த்தால் கறுப்பு, கரும்பலகையில் பார்த்தால் வெள்ளை, அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. இதற்கெல்லாம் ஒருத்தி வருத்தப்படுவாளா என்று கேட்பீர்கள். நான் எட்டு வயதிலிருந்து பட்டுக்கொண்டிருக்கிறேன். வருத்தம் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். அதன் உண்மையான பேர் வயிற்றெரிச்சல்.

எண்பதுகளின் தொடக்கம். ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா பாதுகாப்புத் துறையின் தொழிற்சாலை ஒன்றில் வயர்மேன். வேலைக்காகத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். அம்மா பூந்தமல்லிக்காரி. அன்று மாலை அம்மா அரிவாள்மனையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்த தங்கை, ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு புகாரோடு வந்தாள்.

“மா, மிஸ்ஸுக்கு ஒண்ணுமே தெரில. எல்லா எழுத்தையும் வெள்ளையிலயே எழுதறாங்க. ‘க’ வெந்தய கலர்தான மா?”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “‘ம’ இன்னா கலருடி?” என்று கேட்டாள்.

“சாணி தெளிச்ச வாசல் கலர்.”

“‘ந’?”

“அது பளபளன்னு கீது. பால் பாக்கெட் மாதிரி.”

அம்மா முருங்கைக்காயைக் கீழே வைத்தாள். தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “உனக்குமா?” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை அம்மா சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை கிடைத்தால் அப்படித்தான் சொல்லுவார்கள் போல. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்காக அப்படி ஒரு குரல் அவளிடமிருந்து வந்ததும் இல்லை.

அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே எழுத்தும் எண்ணும் கிழமையும் நிறத்தோடுதான் தெரியுமாம். ஒரு எழுத்தைப் பார்த்தாலோ, காதால் கேட்டாலோ கூட, அந்த நிறம் உள்ளே வந்து நிற்குமாம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை சொல்லப்போய், பிள்ளைக்குக் காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்று வீட்டில் பயந்து, எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போய் ஜெபம் பண்ணியிருக்கிறார்கள். அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். அப்பாவிடம் கூடச் சொன்னதில்லை. உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இந்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கும் மேல் இருந்தவளுக்குத் தன் வயிற்றிலேயே ஒரு கூட்டாளி பிறந்திருப்பது தெரிந்தால் என்ன ஆகும்? இப்போது எனக்கு அது புரிகிறது. அன்றைக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான். வீட்டில் ஒரு விளையாட்டு தொடங்கிவிட்டது, அதில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் அம்மா தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னாள். அவர் பயப்படவில்லை. பனியனோடு உட்கார்ந்து டீயைக் குடித்தபடி கேட்டுவிட்டு, தொழில்காரனாகவே தீர்ப்புச் சொன்னார்.

“இது ஒண்ணுமில்ல. ஒயரிங்ல ஒரு லைன் இன்னொரு லைனோட சேந்திருக்கு. எழுத்துக்குப் போட்ட சுவிட்ச தட்டுனா கலருக்குப் போட்ட லைட்டும் சேந்து எரியுது. ஷாக் அடிக்கலல்ல? பெறகென்ன, விடு.”

பிறகு என்னைப் பார்த்தார். “நம்ம ரெண்டு பேருக்கும் ஒயரிங் சுத்தம், ஏ பிள்ளே. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. அதுக்கு மேல நமக்குக் கலரு கிடையாது.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. பார்வைக்கு நான் அப்படியே அம்மா. அதே சுருட்டை முடி, அதே நெற்றி, அதே தெற்றுப்பல். தங்கைதான் அப்பாவின் மூக்கோடு பிறந்தவள். எதிர் வீட்டு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், “தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க” என்பார். எனக்கு எரியும். மேலே அடித்த பெயின்ட் அம்மாவுடையது, சுவருக்குள்ளே ஓடிய ஒயர் அப்பாவுடையது. அந்தத் தெற்றுப்பல்லை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு எழுத்தின் நிறத்தைக் கொடுத்திருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு தூங்குவேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்குப் போனால், அன்றைய பாட்டு எண்களை ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அம்மாவும் தங்கையும் உள்ளே நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடிப்பார்கள். சில ஞாயிறு முகத்தைச் சுளிப்பார்கள், சில ஞாயிறு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் பலகையை முறைத்து முறைத்துப் பார்ப்பேன். நாற்பத்தேழு நாற்பத்தேழாகவே இருக்கும். பலிபீடத்தைப் பார்த்து நான் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த நாற்பத்தேழைப் பற்றித்தான்.

இருவருக்கும் நிறங்கள் ஒத்துப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றும் ஒத்துப்போகாது. அதுதான் இன்னும் எரிச்சல். அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை ராமர் பச்சை. தங்கைக்கு அது வெங்காயச் சருகு. இதற்காக இருவரும் சண்டை போடுவார்கள். துணி துவைக்கிற கல்லருகே நின்றுகொண்டு, “பச்சையா? உனுக்குக் கண்ணு கீதா மா?” “உனக்குத்தான்டி கண்ணு அவிஞ்சி போச்சு” என்று கத்துவார்கள். ஒருநாள் நான் நடுவில் புகுந்து நியாயம் சொன்னேன்.

“செவ்வாய்னா சிவப்பு. பேர்லயே கீதே!”

இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கண் தெரியாதவர்களைச் சாலை கடக்க வைக்கும்போது ஒரு பார்வை பார்ப்போமே, அது. நியாயம் என் பக்கம் இருந்தது. தமிழ் தெரிந்த யாரைக் கேட்டாலும் நான் சொன்னதுதான் சரி என்பார்கள். ஆனால் அந்தக் கல்லருகே சரி என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. சண்டை போட எனக்கும் ஒரு தப்பான நிறம் வேண்டியிருந்தது.

அதனால் நான் நிறங்களைத் தயார் செய்தேன். பள்ளிக்கு நடக்கும் வழியெல்லாம் யோசித்து, மனப்பாடம் பண்ணி, ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பாட்டின்போது அலட்சியமாகச் சொல்வதுபோல் சொன்னேன்.

“மா, எனக்கும் இப்போ தெரிய ஆரம்பிச்சிடுச்சு.”

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். அவள் முகத்தில் அந்த ‘உனக்குமா’ வரப்போகிறது என்று நான் நம்பினேன். “சொல்லு, பாப்பா” என்றாள்.

“‘ம’ மஞ்சள். ‘ப’ பச்சை. ‘வ’ வெள்ளை. ‘ஊ’ ஊதா. ‘க’ கறுப்பு.”

தங்கை தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். அவளுக்கு அப்போது ஆறு வயதுதான். ஆனால் அந்த விஷயத்தில் அவளை யாராலும் ஏமாற்ற முடியாது.

“‘ட’ இன்னா கலரு?” என்று கேட்டாள்.

‘ட’வில் தொடங்குகிற நிறம் தமிழில் இல்லை. இருந்தால் யாராவது இன்றைக்குக்கூட எனக்குச் சொல்லுங்கள். நான் ரசத்தைப் பார்த்தேன். பிறகு, “டொமேட்டோ கலர்” என்றேன்.

அம்மா சிரித்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வர, புரையேற, தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். தங்கை “டொமேட்டோ, டொமேட்டோ” என்று வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். நான் தட்டை விட்டு எழுந்துவிட்டேன். அம்மா பின்னாலேயே வந்து ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டு, “இதெல்லாம் உனக்கு வேணாம் பாப்பா. பேஜாருடி இது. நீ நல்லா கீற” என்றாள். எனக்கு வேணாம் என்று முடிவு பண்ண இவள் யார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பந்தியில் ஒருத்தருக்கு மட்டும் இலை போடாமல், உனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அம்மா என்னை ‘பாப்பா’ என்று கூப்பிட்டதைக் கவனித்திருப்பீர்கள். அங்கேதான் என் கதையின் முள் இருக்கிறது.

எல்லா வீட்டிலும் சின்னதைத்தான் பாப்பா என்பார்கள். எங்கள் வீட்டில் மூத்தவளான நான் பாப்பா. சின்னவளை அம்மா முழுப்பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அந்தப் பேரை அவள் சொல்லும்போது மாங்கொட்டையைச் சப்புவதுபோல் ரசித்துச் சொல்லுவாள். புதிதாகக் குடிவருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். என்னை விட்டுவிட்டு அவளிடம், “உன் தங்கச்சி எந்த கிளாஸ்?” என்று கேட்பார்கள். நான் வயதுக்கு வந்து தாவணி போட்ட பிறகும், பஸ் ஸ்டாப்பில் தோழிகள் முன்னால், “பாப்பா, டிபன் பாக்ஸ மறந்துட்டியே” என்று அம்மா ஓடி வருவாள். எனக்கு மானம் போகும்.

என் பேரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு ‘ஜ’வும் ஒரு ‘ஸ’வும் வருகிற நீளமான பேர் என்பது போதும். ஞானஸ்நானத்தின்போது என்னைக் கையில் ஏந்திய ஞானத்தாய் அப்பாவின் அக்கா. ஞானத்தாய் வைப்பதுதான் பேர். அதில் பெற்றவள் வாய் திறக்க முடியாது. அத்தை தனக்குப் பிடித்த புனிதையின் பேரை வைத்துவிட்டுத் தூத்துக்குடிக்கு ரயிலேறிவிட்டார். தங்கை பிறந்தபோது அத்தையால் வர முடியவில்லை. அம்மா தன் சிநேகிதியையே ஞானத்தாயாக நிற்க வைத்து, தனக்கு வேண்டிய பேரை அவள் வாயால் வைக்கச் செய்தாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டையும் இரண்டையும் கூட்ட மட்டும் தெரியவில்லை. அதைத் தங்கை கூட்டிக் கொடுத்தாள். அவளுக்குப் பத்துப் பதினொன்று வயதிருக்கும். ஒரு வெல்வெட் ரிப்பனுக்காக முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கையில் பலம் எனக்கு அதிகம். அவள் வாயைத் திறந்தாள்.

“அம்மாவுக்கு உன் பேரே புடிக்காது. அது பாத்திரம் கழுவன தண்ணி கலராம். அதான் உன்ன பேர் சொல்லிக் கூப்புடறதே இல்ல. போடி!”

ரிப்பன் என் கையில்தான் இருந்தது. அப்படியே அம்மாவிடம் போனேன். அவள் அடுப்படியில் இருந்தாள்.

“என் பேரு பாத்திரம் கழுவன தண்ணியா மா? ஆமாவா, இல்லியா?”

அம்மா என்னைத் தாண்டிப் போய்த் தங்கையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். திரும்பி வந்து, “பாப்பா, அது அப்டி இல்லடி…” என்று ஆரம்பித்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டேன். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அடித்தாள், இல்லை என்று சொல்லவில்லை.

அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் எடுக்கவும் விடவில்லை. ஆனால் எனக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டில் என் பேரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டவர் அப்பா ஒருவர்தான். அவர் கூப்பிடும்போதெல்லாம் நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன், சுளிக்கிறாளா என்று. ரேஷன் கடையில், பள்ளிக்கூட விழாவில், டாக்டர் வீட்டில், யார் என் பேரைச் சொன்னாலும் என் கண் அம்மாவிடம் போய்விடும். அழுக்குத் தண்ணீர் தட்டில் நிற்பது எனக்கே தெரிய ஆரம்பித்தது. நிறம் தெரியாதவளுக்கு ஒரே ஒரு நிறம் வாய்த்தது, அதுவும் இப்படி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் முறைப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பீடத்திலிருந்து சத்தமாக வாசிப்பார். மணப்பெண்ணுக்கு அது வெட்கப்பட வேண்டிய நேரம். நான் வெட்கப்படவில்லை. கழுத்தைத் திருப்பி, மூன்று பேர் தள்ளி உட்கார்ந்திருந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கில் என் பேர் முழங்கியபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்த தங்கை அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். மகளுக்காக உருகி ஜெபிக்கிறார்கள் என்று ஊர் நினைத்திருக்கும். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றபோது எழுந்து சொல்ல எனக்கே ஒன்று இருந்தது: பெற்றவளுக்கே பெண்ணின் பேர் ஆகவில்லை, சாமி.

கல்யாணமாகிப் பட்டாபிராமுக்கு வந்தேன். புதுப்புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த இடம். பாதி வீட்டுக்குப் பூச்சு இருக்காது, எல்லா வீட்டிலும் காலையில் சென்ட்ரல் ரயிலுக்கு ஓடுகிற ஒரு ஆள் இருப்பார். எங்கள் வீட்டில் அது என் கணவர். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வெள்ளானூரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு அம்மாவோடும் தங்கையோடும் போய்விட்டார். தங்கை அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் துணிக்கு நூல் பொருத்திப் பார்க்கிற வேலையில் சேர்ந்தாள். அதற்கும் எழுத்தின் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அம்மா அதைச் சொன்ன அன்று எனக்குக் காதில் புகை வந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு வார இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எங்கள் வீட்டுப் பைத்தியத்துக்கு உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நம் முகத்தையும் முடியையும் தீர்மானிக்கிற மரபணுக்கள்தான் மூளைக்குள் எந்த நரம்பு எதோடு சேரவேண்டும் என்பதற்கும் வழி காட்டுகின்றனவாம். பிறந்த குழந்தையின் மூளையில் தேவைக்கு மேல் இணைப்புகள் இருக்குமாம். வளர வளர வேண்டாதவை கத்தரிக்கப்படுமாம். சிலருக்கு எழுத்தின் இடத்துக்கும் நிறத்தின் இடத்துக்கும் நடுவில் உள்ள இணைப்புகள் மிச்சம் இருந்துவிடலாமாம். இது குடும்பத்தில் வருமாம். ஒரு பிள்ளைக்கு வரும், கூடப்பிறந்ததற்கு வராது. ஏன் என்று முழுசாகத் தெரியாது. அப்பா டீயைக் குடித்துக்கொண்டே சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

கோபம் தணிந்திருக்க வேண்டும். யாரும் என்னை ஒதுக்கவில்லை, பிறக்கும் முன்பே குலுக்கிப் போட்டதில் எனக்கு விழவில்லை, அவ்வளவுதானே. ஆனால் எனக்கு அதிகமாகத்தான் எரிந்தது. முயற்சி பண்ணினால் வரும் என்று எங்கேயோ ஒரு மூலையில் அதுவரை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஊரில் ஒரு டைலரும் ஒழுங்கில்லை. எனக்கு வாய்த்தவன் மட்டும் பிசிறில்லாமல் கத்தரித்துவிட்டான். கட்டுரையின் கடைசியில், தனக்கு வராதவர்கள் மூலமாகவும் அடுத்த தலைமுறைக்குப் போகலாம் என்று ஒரு வரி இருந்தது. அதன் மேல் கண் ஓடியதே தவிர மனசு நிற்கவில்லை.

அந்த வரி என் வீட்டுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது.

என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தோம். ஆவடி மார்க்கெட்டில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் கலர் கலராக அச்சடித்த ஒரு படம் வாங்கி வந்து, அவள் ஸ்கூல் விட்டு வந்த மதியம் சுவரில் ஒட்டினேன். அம்மா அன்று வெள்ளானூரிலிருந்து வந்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படத்தைப் பார்த்ததும் மகள் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

“கிழிச்சிடு மா! எல்லாம் தப்பு. ‘அ’ போய் நீலமா? ‘ட’ போய் மஞ்சளா? கிழி மா, பாக்க முடில!”

என் கையில் பசை இருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அவள் வாய் வரைக்கும் அந்த வார்த்தை வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று பயந்துகொண்டு, கீரைக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் என் வயிறு எரிவது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

“கேளு மா,” என்றேன். “அதான் வாய்ல வந்து நிக்குதே. கேளு.”

“உனக்குமா?” என்றாள் அம்மா, என் மகளிடம். அதே குரல். ஒரு இம்மி குறையவில்லை.

என் வழியாகவே போயிருக்கிறது. என் வயிற்றில் பத்து மாதம் இருந்து, என்னைத் தொடாமல் தாண்டிப் போய், அந்தப் பக்கம் இறங்கி, இப்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெற்ற பெண்ணிடம் பொறாமைப்படுவாளா ஒருத்தி? பட்டேன். அந்த நொடியில் அந்தச் சின்ன உச்சந்தலையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அதோடு வாயும் திறந்துகொண்டது.

“நல்லா கொஞ்சிக்க மா. அவ பேராவது உனக்கு நல்ல கலரா கீதா? எம்பேரு மாதிரி பாத்திரம் கழுவன தண்ணியா இல்லாம?”

அம்மா கீரையை மடியிலிருந்து எடுத்து முறத்தில் வைத்தாள்.

“ஆமாடி,” என்றாள். “உம்பேரு அப்டித்தான் தெரியும் எனக்கு. அந்த ‘ஜ’வும் ‘ஸ’வும் வந்தாலே அந்தக் கலருதான். நான் இன்னா பண்ணட்டும்? உங்க அத்த பேர வெச்சிட்டு ரயிலேறிட்டாங்க. நீ மடில கீற. ரோஜாப்பூ மாதிரி கீற. உன்ன எடுத்து அந்த அழுக்குத் தண்ணிய உம்மேல ஊத்தறதா? எனக்கு வாய் வரல.”

“அதான் பாப்பான்னு ஒப்பேத்திட்டே.”

“ஒப்பேத்தனனா?” அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எல்லா எழுத்தையும் ஒண்ணொண்ணா போட்டுப் பார்த்தேன்டி. எனக்கு இருக்கறதுலயே நல்ல கலரு ‘ப’. அது மாதிரி கலரு இன்னொண்ணு எனக்குக் கெடையாது. ஆனா எந்தப் பேர்லயும் அது தனியா வராது. பக்கத்துல ஒரு ‘ம’, ஒரு ‘ல’ன்னு எதுனா வந்து ஒட்டிகினு கெடுத்துடும். பாப்பாவுல மட்டும்தான் வேற எழுத்தே இல்ல. முழுக்க ‘ப’. அத்த உனக்கு எடுத்து வெச்சேன். உன் தங்கச்சி பொறந்தப்ப அவளுக்கும் தேடனேன். அது மாதிரி இன்னொண்ணு அமையல. போவட்டும்னு பேர் சொல்லியே கூப்டுகினு இருந்தேன்.”

நான் பசை காய்ந்த கையோடு நின்றேன்.

“இது அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும். சின்னதுலயே ஒரு நாளு சொன்னேன். அப்போ எனக்கு ஏன் அந்தக் கலரு குடுக்கலன்னு ராவெல்லாம் அழுதா. அதனாலதான் அன்னிக்குச் சண்டைல பாதிய உங்கிட்ட சொல்லிட்டு மீதிய முழுங்கிட்டா. நான் சொல்ல வந்தேன். நீதான் காதப் பொத்திகினு போயிட்டியே. அப்புறமும் எவ்ளோ வாட்டி வந்தேன், நீ எங்க நின்ன? கோயில்ல ஓலை வாசிக்கறப்போல்லாம் கண்ண மூடிகினு, மனசுக்குள்ள பாப்பா பாப்பான்னு அந்தப் பேரு மேல சொல்லிகினே இருந்தேன்.”

ரிப்பனை நான் பிடுங்கிக்கொண்டதற்குத் தங்கை பதிலுக்கு என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது இதைத்தான். அந்த மூக்கைப் பிடித்துத் திருக வேண்டும்போல் இருந்தது. சிரிப்பும் வந்தது. அந்த வீட்டில் பொறாமையில் வெந்தது நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷம் இறுமாந்திருந்தேன்.

“‘ப’ இன்னா கலரு மா?” என்று கேட்டேன். அவளிடம் நான் இதைக் கேட்டதே இல்லை.

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தன் புடவையைப் பார்த்தாள், எதிலும் அது இல்லை. “எந்தப் பொடவக் கடையிலயும் அது இல்லடி,” என்றாள். “எப்டி சொல்லுவேன்? காலைல வெயில்ல தேங்காண்ணெய எடுத்து வெச்சா, உருகறதுக்குக் கொஞ்சம் முந்தி… அதுவும் இல்ல. அதுல கொஞ்சம் ரோஸ் கீது.”

“‘ப’ ஆரஞ்சு ஆயா,” என்றாள் என் மகள், அழுகை நின்றுபோய்.

“ஐய, ஆரஞ்சா? போடி. ‘ப’ போய் யாருக்குனா ஆரஞ்சா இருக்குமா?”

“ஆரஞ்சுதான்! உனுக்குக் கண்ணே தெரில!”

சண்டை தொடங்கிவிட்டது. கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு இருவரும் எழுத்து எழுத்தாக அடித்துக்கொண்டார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. எனக்கென்று ஒரு நிறம் இருக்கிறதாம்; அதைக் கண்ணால் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் சமையலறைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

“பாப்பா, எனக்குச் சக்கர கம்மியா போடு,” என்று அம்மா அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

கேட்டது. ஆனாலும் இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று பதில் சொல்லாமல் நின்றேன்.